கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

“சார், கடைக்கு ஒரு பையன் வேணும். கவுன்ட்டர்ல நிக்கணும். நல்ல குடும்பத்துப் பையனா, நம்பிக்கையானவனா இருந்தா பாத்துச் சொல்லுங்க.”

வங்கியில் என் ஜன்னலுக்கு வெளியே நின்று சலான் எழுதிக்கொண்டே இதைச் சொன்னவர் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை முதலாளி. விழுப்புரம் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. டூவீலர், ஆட்டோ, டாடா ஏஸ் எதற்கு என்ன கழன்றாலும் அவர் கடைக்குத்தான் போகணும். நான் கேஷில் உட்காரும் எழுத்தர். கவிதை எழுதுகிறவன். இஸ்திரி போட்ட சட்டையோடு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் நான் யார் என்று அவர் கேட்டதில்லை. பணம் எண்ணுகிற கை சேரிக் கையாக இருக்காது என்பது அவர் எண்ணம். நானும் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையை நான் வாய் மூடிக் கிடந்த அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் காலனியில் ஒரு தம்பி இருக்கிறான். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் 2 வருஷம் படித்தவன். பிறகு 3 வருஷம் ஒரு ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். அவனிடம் சொன்னேன். அவன் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த உடனே எனக்குப் பயம் வந்துவிட்டது. “எந்தத் தெருன்னு கேட்டா பஸ் ஸ்டாண்டு பக்கம்னு சொல்லுடா” என்றேன். இதை நான்தான் சொன்னேன் தோழர்களே. மேடையில் அம்பேத்கர் பற்றிக் கவிதை வாசிக்கிற நான்.

இது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏதோ பொட்டலம் கட்டிக் கொடுக்கிற வேலை என்று நினைக்காதீர்கள். மெக்கானிக் தேய்ந்துபோன கிளட்ச் பிளேட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைப்பான். பெயர் சொல்ல மாட்டான். “இது மாதிரி ஒண்ணு குடு” என்பான். கவுன்ட்டரில் நிற்பவன் அதைப் பார்த்தே என்ன வண்டி, எந்த வருஷம் என்று கண்டுபிடிக்கணும். ஒரே பெயரில் ஓடுகிற வண்டிக்கு வருஷத்துக்கு வருஷம் பாகம் மாறும். 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலான பைக்கில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. அதற்கு முந்தைய வண்டியின் சாமான் பிந்தையதற்குச் சேராது. சந்தேகம் வந்தால் சேஸிஸ் நம்பர் கேட்கணும். கம்பெனி அயிட்டம் எது, வெளி மார்க்கெட் அயிட்டம் எது, போலி எது என்று தெரியணும். 2025 செப்டம்பர் 22இலிருந்து உதிரிபாகங்களுக்கெல்லாம் ஒரே 18 சதவீத ஜி.எஸ்.டி. பழைய 28இல் இருந்த சரக்கை எப்படிப் பில் போடுவது என்று தெரியணும். எந்த மெக்கானிக் கடன் எவ்வளவு, யார் திருப்பிக் கொண்டுவந்த சாமானை வாங்கலாம், யாருடையதை வாங்கக் கூடாது, அதுவும் தெரியணும். தப்பான பிரேக் ஷூவைக் கொடுத்தால் யாரோ ஒருத்தன் ரோட்டில் சாவான். அவ்வளவு அறிவு வேண்டிய வேலை இது. சட்டையில் கிரீஸ் படாமல் நிற்கிற வேலையும் இதுதான். கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை.

தம்பி போனான். அங்கே நடந்ததை அவன் சொன்னபடியே தருகிறேன்.

“மொதல்ல ஒரு பழைய பேரிங்க எடுத்துக் குடுத்தாருண்ணே. நம்பரு அழிஞ்சி கெடந்திச்சி. என்னா பேரிங்குன்னாரு. உள்ள 17, வெளிய 40, அகலம் 12 இருக்கும், 6203ன்னேன். வெர்னியர் வச்சிப் பாத்தாரு, சரியா இருந்திச்சி. எப்பிட்றா சொன்னன்னாரு. கடைசி ரெண்டு நம்பரு 04ன்னா அஞ்சால பெருக்கு, 20 எம்.எம். வரும், 05ன்னா 25. ஆனா 00லேர்ந்து 03 வரைக்கும் கணக்குல வராது, மனப்பாடம் பண்ணணும்னேன். சிரிச்சாரு. டீ வாங்கியாரச் சொன்னாரு எனக்கு. நாளைலேர்ந்து வந்துடுன்னு சொல்லப் போறாருன்னு நெனச்சேன். அப்பறம் ஊரு பேரு கேட்டாரு. சொன்னேன். ஊருக்குள்ளியா, காலனியான்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“காலனிங்கன்னேன்.”

டீ வந்ததாம். பேப்பர் கப்பில் வந்ததாம். முதலாளிக்குக் கண்ணாடி டம்ளர். “கவுன்ட்டருக்கு வேற ஒரு ஆள்கிட்ட சொல்லி வச்சிருக்கேன் தம்பி. நீ வேணா குடோன்ல வந்து நில்லு, லோடு எறக்கி அடுக்கணும். சம்பளம் ஒண்ணும் கொறைக்க மாட்டேன்” என்றாராம்.

சம்பளத்தைக் குறைக்க மாட்டாராம்! கவனியுங்கள். காசு பிரச்சினையில்லை. அறிவு பிரச்சினையில்லை, அதை அவரே வெர்னியர் வைத்து அளந்து பார்த்துவிட்டார். மேசைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் பிரச்சினை. குடோனில் அதே பேரிங்கைத் தொடலாம், மூட்டையாகத் தூக்கலாம். வண்டிக்கு அடியில் படுத்து அதைத் தட்டி உள்ளே ஏற்றலாம். கவுன்ட்டரில் நின்று அதற்குப் பெயர் சொல்லி, விலை சொல்லி, காசு வாங்கக் கூடாது.

அடுத்த வாரம் அந்த இடத்தில் அவருடைய சொந்தக்காரப் பையன் நின்றான். மெக்கானிக் கொண்டுவந்த சாமானை மெக்கானிக்கிடமே காட்டி “இது எதுண்ணே?” என்று கேட்கிறான். தகுதி, திறமை என்று நம்மைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் யாராவது அந்தக் கடைப் பக்கம் போய்க் கத்துவார்களா? அங்கே தகுதிக்கு வேறு பெயர். ‘நம்பிக்கை’. ‘நல்ல குடும்பம்’. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய கம்பெனிகளில் ஆள் எடுக்கிற அதிகாரிகளைப் பேட்டி கண்டு 2007இல் எழுதினார்கள். திறமை ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்று சொல்லும் அதே வாய், குடும்பப் பின்னணியைப் பற்றியும் விசாரிக்கிறது என்று கண்டார்கள். கோட்டுப் போட்ட அதிகாரிக்கும் எங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் முதலாளிக்கும் ஒரே பாஷை.

அதே 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகையில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. வடக்கே பெயரில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் அப்படி என்று இங்கே சிலர் மார்தட்டுவார்கள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டத்தை வெட்டியாச்சு என்பார்கள். வெட்டியது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயரின் வாலை வெட்டியவர்கள் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடக்கிற ரோட்டை அப்படியே விட்டார்களே! இன்றைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் முதலாளிக்குப் பெயர் தேவையில்லை. ஒரே கேள்வி போதும். ஊரா, காலனியா?

அதற்குப் பிறகு முதலாளி என் ஜன்னலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். “பேங்க் அண்ணன்தான் அனுப்பிச்சாரு, எங்க தெருதான்” என்று தம்பி சொல்லியிருக்கிறான். கூட்டமில்லாத என் ஜன்னலை விட்டுவிட்டு நீளமான வரிசையில் போய் நிற்கிறார். ஒருநாள் வாசலில் மடக்கிக் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “நான் அதெல்லாம் பாக்கறவன் இல்ல சார். கஸ்டமர் ஒத்துக்க மாட்டாங்க. நாலு பேரு வந்து போற எடம். அதுவுமில்லாம இது என் சொந்தக் கடை, நான் யாரை வச்சா என்னா?” நான் ஒன்றும் பேசாமல் உள்ளே வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

கஸ்டமரா? அவர் கடைக்கு வருகிற கஸ்டமர் யார்? கார்க்காரன் வந்து கிளட்ச் பிளேட் வாங்குகிறானா? கைநிறையக் கிரீஸோடு வருகிற மெக்கானிக்தான் கஸ்டமர். எங்கள் ஊர் ஷெட்டுகளில் வண்டிக்கு அடியில் கிடப்பவர்களில் பாதிக்கு மேல் சேரிப் பையன்களும் முஸ்லிம் பையன்களும்தான், நான் தினம் பார்க்கிறேன். அவன் கொடுக்கிற அழுக்கு நோட்டு கல்லாவுக்குள் போகும்போது கஸ்டமர் ஒத்துக்கொண்டாராமா? காசுக்குத் தீட்டில்லை, கையை நீட்டி வாங்குகிற ஆளுக்கு மட்டும் தீட்டா? கஸ்டமர் கஸ்டமர் என்று ஊர்ச்சாதி முதலாளி சொல்வது தன் மனசில் உட்கார்ந்திருக்கிற ஊர்ச் சபையைத்தான்.

சொந்தக் கடையா? நான் வங்கி எழுத்தர், எனக்குத் தெரியாத கதையா? எந்தக் கடையின் கணக்கையும் இங்கே சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன். இந்த மாதிரிக் கடைகள் கேஷ் கிரெடிட்டில் ஓடுகின்றன. ரேக்கில் இருக்கிற சரக்கு வங்கிக்கு ஈடு. குறித்த காலத்துக்கு ஒருமுறை ஸ்டாக் கணக்கைக் கொண்டுவந்து நீட்டணும். வங்கியில் இருக்கிற பணம் யாருடையது? நூறு நாள் வேலைக்குப் போன என் சித்தியின் கூலியும் அதில் கிடக்கிறது. பொதுப்பணத்தில் சரக்கு வாங்கலாம், ஆள் எடுக்கும்போது மட்டும் சொந்தக் கடை! 2006இல் தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற பேச்சு எழுந்தபோது பெருமுதலாளிகளின் சங்கங்கள் என்ன சொன்னார்கள்? சட்டம் வேண்டாம், நாங்களே தாமாக முன்வந்து செய்கிறோம் என்றார்கள். அந்தத் தாமாக முன்வருதல் எங்கள் ஊர் நெடுஞ்சாலைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையின் பேரில் தொழிலையும் வியாபாரத்தையும் தடுப்பதைக் குற்றம் என்கிறது. 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது. ஆனால் தம்பியிடம் அவர் வசவாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே! டீ வாங்கிக் கொடுத்தார். வேலையும் தருகிறேன் என்றார், குடோனில். எந்த ஸ்டேஷனில் இதை எழுதிக்கொள்வான்? அடித்தால் கேஸ் உண்டு, அன்பாக ஒதுக்கினால் கேஸ் இல்லை.

1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவில் அதிகாரியாகச் சேர்ந்த அம்பேத்கருக்கு பியூன் பைலைத் தூக்கித்தான் போட்டான். பிறகு பம்பாயில் பங்குச்சந்தை ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் அதே கஸ்டமர்!

சரி, நம்மையும் பேசுவோம். எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது? பரீட்சை எழுதினேன், மார்க் வந்தது, ஒதுக்கீடு இருந்தது, உத்தரவு வந்தது. யாரும் தெருவைக் கேட்டு டீ கொடுத்து அனுப்பவில்லை. அதனாலேயே, கடைத்தெருவில் என்ன நடக்கிறது என்பதை மறந்துபோனேன். இயக்கத்துக்காரர்களும் அரசு வேலை, அரசு வேலை என்றே பேசினோம். 1991க்குப் பிறகு அந்தக் கதவு ஒருக்களித்துக்கொண்டே வந்தது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேலை கேட்டு நிற்பது இந்த மாதிரிக் கடை வாசல்களில்தான். அந்த வாசலைப் பற்றி நம்மிடம் ஒரு தீர்மானம் உண்டா?

நான் மூன்று விஷயம் சொல்கிறேன். தப்பென்றால் சண்டை போடுங்கள்.

ஒன்று, தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கையை விடக் கூடாது. ஆனால் 4 பேர் வேலை செய்கிற கடைக்கு அந்தச் சட்டம் வருமென்று நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது. அரசு வங்கியில் கடன் வாங்குகிற கடை, யாரை எந்த வேலைக்கு வைத்திருக்கிறது என்று ஸ்டாக் கணக்கோடு சேர்த்துச் சொல்லட்டும். பேரிங்கை எண்ணுகிறோமே, கவுன்ட்டரில் நிற்கிறவனை எண்ணினால் என்ன?

இரண்டு, எந்தக் கடையில் வாங்குவது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறவன் மெக்கானிக். அவன் சீட்டில் எழுதிக் கொடுக்கிற கடைக்குத்தான் வண்டிக்காரன் போகிறான். அந்தச் சீட்டு நம் பையன்கள் கையில் இருக்கிறது. எங்கள் ஊரில் 10 ஷெட்டுகள் சேர்ந்து, கவுன்ட்டரில் எங்காள் ஒருத்தன் நிற்கிற கடையில்தான் வாங்குவோம் என்றால் ஒரு மாசம் தாங்குமா அந்தக் கல்லா?

மூன்று, நாமே கடை வைப்போம். 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா கிளைக்கு ஒரு தலித் அல்லது பழங்குடியினருக்காவது 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை கடன் என்றது. 2023இல் தமிழ்நாட்டு அரசின் அம்பேத்கர் பெயரிலான தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீதம் மானியம் என்றது. காகிதம் கிளைக்கு வரும், ஆள் வர மாட்டான். வருகிறவனுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் போன்றவர்களின் கடமை. பொய் எழுதித் தரத் தெரிந்த எனக்கு விண்ணப்பம் எழுதித் தரத் தெரியாதா?

தம்பி குடோனுக்குப் போகவில்லை. மறுபடியும் ஷெட்டுக்கே போய்விட்டான். அன்று ராத்திரி என் வீட்டு வாசலில் நின்று கேட்டான்: “பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பாருல்லண்ணே?”

“எடுத்திருப்பாரு.”

“அப்பறம் தெனமும் பஸ் ஸ்டாண்டுலேர்ந்தே வர்ற மாதிரி வரணும் இல்ல?”

நான் பதில் சொல்லவில்லை. பத்து வருஷமாக அப்படித்தான் நான் வங்கிக்குப் போய் வருகிறேன். இந்த மாதம் முதல், தெரு கேட்கிற யாருக்கும் காலனி என்றே சொல்கிறேன். உங்கள் ஊர்க் கடைகளில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள் தோழர்களே. கடையின் பெயர் வேண்டாம். எண்ணிக்கை வரட்டும், அடுத்த இதழில் பேசுவோம்.