கிட்டங்கி மூழ்கினா எல்லாருக்கும் விளங்குது

மாரி மழைக்கு கிட்டங்கி வீதிக்கு மேலால வெள்ளம் பாயத் தொடங்கினா, சொறிக்கல்முனை, சவளக்கடைப் பக்கத்துச் சனம் கல்முனைக்குப் போக ஊரைச் சுத்த வேண்டி வரும். உயரமான பாலம் வேணும் என்று கேட்டுக் கேட்டே களைச்சுப் போனோம். பாதை அறுந்தா படிப்பு, வேலை, ஆசுபத்திரி எல்லாம் அறுந்து போகும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

சக்கர நாற்காலியில் போகிறவருக்கு அதே பாதை கொளுத்துற வெயிலிலும் அறுந்துதான் கிடக்கு. அவரைத் தடுக்க அரை அடி உயர நடைபாதை விளிம்பு போதும். ஏறிவிட்டாலும், மூடி உடைஞ்ச வடிகான், கடைக்கு வெளியே அடுக்கின சாமான், நிறுத்தி வச்ச மோட்டார் சைக்கிள். கடைசியில் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் வீதியில் இறங்கித்தான் உருட்ட வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்குமான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஓடும் காரில் மரம் விழுந்து நடக்க முடியாமல் போன முன்னாள் கிரிக்கெட் நடுவர் அஜித் பெரேரா, தானே உயர் நீதிமன்றம் போய், புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிப்படிதான் அமைய வேண்டும் என்ற உத்தரவை 2011இல் வாங்கினார். 2016இல் ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. எல்லாம் சரி. ஆனா கட்டட வாசலில் சாய்தளம் போட்டு, அந்த வாசல் வரைக்கும் வரப் பாதை இல்லாட்டி, அது யாருக்கு?

அந்தச் சாய்தளங்களும் பல இடங்களில் பேருக்குத்தான். பொதுவாக ஏற்கிற அளவு 1க்கு 12. அதாவது அரை அடிப் படிக்கு ஆறடி நீளம். எங்கட பக்கம் ரெண்டடியில் முடிச்சுப் போடுவாங்க. ராவைக்குக் கடைக்குள்ள மோட்டார் சைக்கிளை ஏத்த அது போதும், மனிசன் ஏற ஏலாது.

"தூக்கி விட ஆளா இல்ல?" என்று கேப்பீங்க. எங்கட ஊர்களில் உதவிக்குக் கை குறைவில்லை, உண்மைதான். ஆனா ஒரு ஃபோன் கார்ட் வாங்கப் போறதுக்கே நாலு பேரைக் கூப்பிட வேண்டியவர், மாசத்தில் எத்தனை தரம் வெளிக்கிடுவார்? வீதியில் அவங்களைக் காணலையே, பிறகு யாருக்குச் செய்றது என்று கேக்கிறவங்க இதையும் யோசிக்கணும்.

பெரிய காசு கேக்கல. அடுத்த தரம் வடிகானுக்கோ தண்ணிக் குழாய்க்கோ வீதியைக் கிண்டும்போது, கடவைக்கு நேரே விளிம்பைத் தாழ்த்துங்க. மூடிகளைச் சமமாக வையுங்க. மூன்றடி அகலத்தை, கடைக்காரர் உட்பட, எல்லாரும் சும்மா விடுங்க. கிட்டங்கிக்குப் பாலம் கட்டுற நாளில் அதன் நடைபாதைக்கும் இதே கணக்குத்தான்; அதை வரைபடத்திலேயே இப்பவே கேட்டு வைப்போம்.