கூடுதல் என்றால் அதிகமா?

'இரு விழாக்களும் ஒரே நாளில் ஒத்துப்போகின்றன' என்று எழுதுகிறார்கள். ஒத்துப்போதல் மனத்தின் தொழில். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகலாம். நாள்கள் எங்ஙனம் ஒத்துப்போகும்? கேட்டால், தமிழில் இதற்கு வினைச்சொல் இல்லை என்கிறார்கள். நாம் இதனை வன்மையாக மறுக்கிறோம்.

வீட்டில் கிடக்கும் திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். திதியும் நட்சத்திரமும் யோகமும் 'கூடிய' சுபதினம் என்றிருக்கும். தைப்பூசத்தன்று பூசமும் பௌர்ணமியும் பெரும்பாலும் கூடும். கூடுதல் என்பதே அவ்வினை.

'உடனிகழ்தல்' போதாதா என்பர் சிலர். அது மூன்றாம் வேற்றுமைப் பொருள். 'ஆசிரியரொடு மாணவர் வந்தார்' என்பதில் 'ஒடு' உயர்ந்தவரையே சாரும் என்பது தொல்காப்பிய விதி. அங்கே ஏற்றத்தாழ்வு உண்டு. கூடுதலில் இரண்டும் நிகர்.

வகுப்பில் வினவினால் 'கூடுதல்' என்பதற்கு 'அதிகம்' என்ற ஒரு பொருளையே மாணவர் சொல்கின்றனர். பிழை அவர்களுடையதன்று, அப்பொருளில் மட்டுமே ஓயாது எழுதிவரும் நம்முடையது. 'காலம் கூடிவரும்' என்று நம் பாட்டிமார் சொன்னது காலம் மிகுதியாகும் என்றா? வேண்டியவையெல்லாம் ஒருபொழுதில் வந்து சேரும் என்றல்லவா? இல்லாத சொல்லைத் தேடி இருக்கும் சொல்லை இழத்தல் கூடாது.