"இதனால் என்ன பயன்?" என்போருக்கு

ஈப்போ நகரில், நம் சமூகத்தின் நன்மைக்கென்றே அமைந்த மன்றமொன்றின் கூட்டத்தில் சென்ற மாதம் ஒரு விண்ணப்பம் வாசிக்கப்பட்டது. விண்ணப்பித்தவள் ஓர் இளம்பெண். அவளுடைய பாட்டி பால்மரம் வெட்டியவர். தந்தையோ, தோட்டத்தில் கித்தா போய்ச் செம்பனை வந்தபின் லயத்தைக் காலி செய்துகொண்டு நகருக்கு வந்தவர். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தையும் கலை வரலாற்றையும் ஒருசேரப் பயில அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பொருளுதவி வேண்டினாள். வாசித்து முடியுமுன்னே சிரிப்பு எழுந்தது. "கதை படிப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் பணமா?" என்றார் ஒரு பெரியவர். "மருத்துவம், சட்டம், கணக்கு என்றால் யோசிக்கலாம், இதனால் என்ன பயன்?" என்றார் மற்றொருவர். விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது. அன்று அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். நாம் சிரிக்கவில்லை, ஆயினும் எழுந்து பேசவுமில்லை. அக்குற்றத்துக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகின்றோம்.

சிரித்தவர்களின் அச்சம் நமக்குத் தெரியாததன்று. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. மகன் கிராணியானால் அதுவே மோட்சம் என்றிருந்த காலம் அது. மருத்துவனும் வழக்கறிஞனும் தோன்றிய பிறகே இந்நாட்டில் நம்மவர் பலர் தலைநிமிர்ந்து நடந்தனர். ஆகவே பயனை எண்ணிப் பார்ப்பது பாவமன்று. ஆனால் ஒன்று கேட்கிறோம். "கூலிக்காரன் பிள்ளைக்கு எழுத்து எதற்கு? இதனால் என்ன பயன்?" என்று ஒரு காலத்தில் துரைமார் கேட்டனரே, அக்கேள்வியைத்தானே இன்று நம்மவர் நம்மவரைப் பார்த்துக் கேட்கின்றனர்? துரை போய்விட்டார், அவருடைய கேள்வி மட்டும் நம் நாவில் தங்கிவிட்டது!

நிற்க. இவ்விரு பாடங்களையும் சேர்த்துப் படிப்பது, வேலையற்றவர் கண்டுபிடித்த புதுமை என்று அவ்விடத்தில் பேசப்பட்டது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சொல்லணியும் இலக்கியமும் கற்பிப்பதற்கென்று 1762-இலேயே அரசப் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. ஹியூ பிளேர் அதில் முதலில் அமர்ந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 1880-இல் பால்டுவின் பிரௌன் கலை வரலாற்றுக்குப் பேராசிரியரானார். இன்று அங்கே இரண்டையும் இணைத்தே பட்டம் பெறலாம். நம் பக்கத்தைப் பார்த்தாலும் சிங்கப்பூரில் 1949-இல் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம், ஆறே ஆண்டுகளில், 1955-இல், மைக்கேல் சல்லிவன் என்பாரைக் கொண்டு ஒரு கலைக்காட்சிச்சாலையை அமைத்தது. அச்சேகரிப்பில் ஒரு பகுதி பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. ஆக, இந்நாட்டின் முதற் பல்கலைக்கழகமே தன் பிள்ளைப் பருவத்தில் தேவையென்று கருதியதை, நம் மன்றத்துப் பெரியவர்கள் இன்று வேடிக்கை என்கிறார்கள்.

ஆனால் எடின்பரோவையும் சிங்கப்பூரையும் காட்டி வாதிடுவதில் நமக்கு அத்தனை விருப்பமில்லை. பத்துகாஜாவுக்குப் போவோம்.

பத்துகாஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையே, ராயா ஆற்றங்கரையில் கெல்லி கோட்டை நிற்கிறது. பேராக் தமிழரில் அதைப் பாராதவர் அரியர். ஸ்காட்லாந்து நாட்டுக் கெல்லாஸ் என்னும் ஊரில் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், ரப்பர்த் தோட்ட முதலாளியாகி, 1915-இல் அதனைக் கட்டத் தொடங்கினார். கட்டியவர் யார்? சென்னை மாகாணத்திலிருந்து வரவழைக்கப்பட்ட நம் கைவினைஞரும் தொழிலாளரும். 1918-இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அவர்களிற் பலரை மாய்த்தது. 1926-இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை அரைகுறையாய் நின்றது. இன்று சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். அங்கே நமக்குச் சொல்லப்படுவது என்ன? சுரங்கவழிக் கதை, பேய்க் கதை!

இரு பாடங்களும் கற்ற ஒரு மாணவி அங்கே நின்றால் என்ன காண்பாள்? பாழ்மாளிகையும் பேயும் சேர்ந்த கதைக்கு ஆங்கிலத்தில் ஒரு வமிசாவளி உண்டு என்பதை அவள் அறிவாள். 1764-இல் அத்தகைய முதல் நாவலை வெளியிட்ட ஹொரேஸ் வால்போல், தானே லண்டனுக்கருகே ஸ்டிராபெரி ஹில் என்னும் பழங்கால வேடமிட்ட மாளிகையைக் கட்டிக்கொண்டவர். கோட்டைகளைப் பற்றி எழுதியெழுதிப் பொருளீட்டிய வால்டர் ஸ்காட், ஆபட்ஸ்போர்டில் தமக்கொரு கோட்டை எழுப்பினார். ஏட்டிலிருந்த கோட்டை கல்லாயிற்று. கல்லிலிருந்து மீண்டும் கதை பிறந்தது. ஸ்காட்டின் நாட்டவர் ஒருவர் கிந்தா பள்ளத்தாக்கில் கோபுரம் எழுப்ப ஆசைப்பட்டதன் வேரை இலக்கியம் கற்றவளே தேடிப் பார்ப்பாள். சரி, அக்கட்டடத்தின் குதிரைலாட வளைவுகள் ஸ்காட்லாந்தினவா? அல்ல. முகலாயச் சாயலையும் மூர்களின் வளைவையும் ஐரோப்பியத் திட்டத்தோடு கலந்து ஆங்கிலேயர் இந்தியாவில் வளர்த்த பாணி ஒன்று உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் அதைக் காணலாம். கோலாலம்பூரில் 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாத் கட்டடத்திலும் காணலாம். நம்மைப் போலவே கப்பலேறி வந்த பாணி அது! இதனைக் கலை வரலாறு கற்றவளே சொல்வாள். ஒன்றை மட்டும் கற்றவளுக்குக் கோட்டையில் பாதிதான் தெரியும்.

இன்னும் கேளுங்கள். அக்காய்ச்சலுக்குப்பின் தொழிலாளர் வேண்டிக்கொண்டபடி அருகே ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. அதன் மேல்தளத்தில், தெய்வ உருவங்களின் நடுவே, வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியும் அணிந்த மனிதனொருவன் நிற்கிறான். கெல்லி ஸ்மித்தே அவன் என்பர். கும்பிடப் போகிறவர் கும்பிடட்டும். அது நம் வழக்கன்று. நாம் கேட்பது, அவ்வுருவைச் செய்த கையின் எண்ணம் யாது என்பதே. நன்றியா? அடிமைப் பழக்கமா? அல்லது, "எங்கள் தெய்வத்துக்கு நீயும் ஒரு காவற்காரன்தான்" என்று துரையைக் கூரையில் ஏற்றி வெயிலில் நிறுத்திய குறும்பா? நமக்கு மூன்றாவதையே நம்ப ஆசை, ஆசை சான்றாகாது. சிலையைச் சிலையாகப் பார்த்து, அக்காலத்துக் கோயில் சுதைவேலைகளோடு ஒப்பிட்டு, தோட்டத்துக் கடிதங்களையும் கணக்குகளையும் ஆங்கிலத்தில் வரிக்கு வரி ஐயுற்றுப் படிக்க வல்லவர் ஒருவர் வேண்டும். நம்மில் அப்படி எத்தனை பேர்? கோட்டையைக் கட்டியவன் தமிழன். அதைப் பற்றி எழுதுகிறவன் எவனோ. வாயிலில் சீட்டு வாங்குகிறவன் மீண்டும் தமிழன்.

பீடோர் செய்தியும் இத்தகையதே. 1936-இல் அங்கே ஈயச் சுரங்கத்திலிருந்து எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை ஒன்று கிடைத்தது. இன்று கோலாலம்பூர் தேசியக் காட்சிச்சாலையில் இருக்கிறது. அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கற்றார் என்று பதினோராம் நூற்றாண்டின் வீரசோழியம் கூறுகிறதன்றோ? அதை வரலாறென்று நாம் கொள்ளவில்லை. ஆயினும், ஒரு பௌத்தப் புலவன் தன் மொழிக்கு ஆசானாகச் சொன்ன உருவம் பேராக்கின் மண்ணுக்குள் கிடந்தது என்பதைச் சிலைக்கருகே நின்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் வேண்டாமா?

"இதற்கெல்லாம் தமிழ் படித்தால் போதாதா? ஆங்கில இலக்கியம் எதற்கு?" என்று நம் அணியிலேயே சிலர் கேட்பர். தமிழ் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் நம்மைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் எம்மொழியில் எழுதப்பட்டன? சாமர்செட் மாம் 1919-இல் ஓர் ஓவியனின் வாழ்வை நாவலாக்கினார். 1926-இல் மலாயாக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். ஓவியனின் உள்ளத்தை ஆழ்ந்து நோக்கிய அவ்வெழுத்தாளர், மலாயாவுக்கு வந்தபோது வெள்ளையரின் வராந்தாவையே உற்றுநோக்கினார். உழைத்தவர் அக்கதைகளின் பின்புலத்தில் நிழல்போற் கடந்து போகின்றனர். அந்த மொழியின் உள்ளே புகுந்து விடைகூற வேண்டுமாயின் அம்மொழியின் இலக்கியத்தை முறையாகக் கற்கவேண்டும். கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் அதைச் செய்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். 1981-இல் தம் மக்களின் வாழ்வை ஆங்கில நாவலாக்கினார். 2020-இல் அவர் மறைந்தபோது, அவர் பெயரையே அறியாதவர் நம் மன்றங்களில் எத்தனை பேர் என்று எண்ணி நாணினோம்.

இனி, நம் பெரியவர்கள் மேடைதோறும் பெருமையோடு எடுத்துக்கூறும் ஆனந்த குமாரசுவாமியைப் பற்றி. 1877-இல் கொழும்பிற் பிறந்தவர். தந்தை முத்துக்குமாரசுவாமி 1863-இல் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் தந்த யாழ்ப்பாணத்து மரபினர். தாய் ஆங்கில மாது. மகன் லண்டனிற் கற்றது நிலவியல். ஈயத்தையே நம்பி வளர்ந்த ஈப்போக்காரர்களுக்கு இது பிடித்த படிப்பாகத்தான் இருக்கும்! ஆனால் இலங்கையில் கனிமங்களை ஆராயப் போனவர், அழியும் கைவினைகளைக் கண்டு மனம் மாறினார். இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய அவருடைய பெருநூல் 1908-இல், ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்திலிருந்த பொறியிலேயே அச்சாயிற்று. கவியும் கைவினையும் ஒன்றே என்று வாழ்ந்த மாரிஸிடம் அவர் கற்றது பெரிது. 1917-இல் பாஸ்டன் காட்சிச்சாலை அவரை அழைத்துக்கொண்டது. 1947-இல் இறக்கும்வரை அங்கேயே பணிபுரிந்தார். நடராச வடிவத்தை மேல்நாட்டார் கலையென்று மதிக்கச் செய்ததில் அவர் பங்கு மிகப் பெரிது. இவர் படித்த படிப்புக்குப் பயன் உண்டா, இல்லையா?

ஆனால் நாம் அவரோடு நின்றுவிட முடியாது. வருண முறையை அவர் உயர்த்திப் பேசினார். 1918-இல் வெளியான சிவ நடனக் கட்டுரைத் தொகுதியிலேயே உடன்கட்டை ஏறுதலுக்கும் பரிந்து எழுதினார். கல்லையும் உலோகத்தையும் அத்தனை நுட்பமாகக் கண்ட கண், அவற்றை உருவாக்கியவன் எத்தெருவில் குடியிருக்க விதிக்கப்பட்டான் என்பதைக் காணவில்லை. கண்டும் அதை ஒழுங்கென்று போற்றியது என்பதே உண்மை. இதற்கு மாற்றுரை எழுத வேண்டியவர் யார்? பாஸ்டனிலிருந்து யாரும் வரப்போவதில்லை. லயத்தில் பிறந்தவளின் பேர்த்தி எழுதவேண்டும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் கேட்டு வளர்ந்தவரின் மகள், பெயர் எழுதப்படாத சிற்பியைத் தேடிப் போகவேண்டும். குமாரசுவாமியைப் புகழ்ந்து மாலையிட்டுவிட்டு, அவர் கற்றதைக் கற்க விரும்பும் ஏழைப் பெண்ணைப் பார்த்து நகைப்பது எவ்வகை நேர்மை?

சம்பளம்? மருத்துவரின் சம்பளம் வராது, ஒப்புக்கொள்கிறோம். ஆசிரியப் பணி உண்டு, காட்சிச்சாலை உண்டு, பதிப்பகம் உண்டு. பழங்கட்டடங்களைக் காட்டியே விருந்தினரை வரவழைக்கும் ஈப்போவில் அவற்றைப் பற்றி உண்மை பேசத் தெரிந்தவருக்கும் இடம் உண்டு. இத்துடன் இப்பேச்சை விடுவோம். வேலை கிடைக்குமா என்று கேட்டவர்களில் ஒருவர்கூட, அப்பெண்ணின் மதிப்பெண்களைக் கேட்கவில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் அவ்விண்ணப்பம் மீண்டும் எடுக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். இம்முறை நாம் எழுந்து பேசுவோம். இதைப் படிக்கும் தோட்டத்துத் தோழர்களும் நகரத்து அன்பர்களும் வரவேண்டும். வருமுன், முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துகாஜாவுக்குப் போய், கோட்டையை விட்டு அக்கோயிலின் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.