சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கருத்து)

இந்தப் பழமொழி பிறந்த காலத்தில் இணையமும் இல்லை, கைப்பேசியும் இல்லை. ஆயினும் இன்று இணைய ஏலத்தில் அஞ்சல்தலையும் பழங்காசும் வாங்குவோர் படும் பாட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. சுண்டைக்காயின் விலை கால் பணம்; அதைச் சுமந்து வந்த கூலியோ முக்கால் பணம்! கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சுமைகூலியைக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் நம் வகுப்பறைகளிலேயே இருக்கிறார்கள். ஆகவேதான் இதை எழுத முற்பட்டேன்.

அஞ்சல்தலை சேகரிப்பு ஏழைக்கும் எட்டக்கூடிய பொழுதுபோக்கு. வீட்டுக்கு வந்த உறையிலிருந்து தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்து, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவைத்தவர்கள்தாம் பின்னாளில் பெரிய சேகரிப்பாளர்கள் ஆனார்கள். காசு சேகரிப்பும் அப்படித்தான். பாட்டியின் சுருக்குப்பையில் தொடங்குவது அது. சென்னையில் இதற்கு நெடிய மரபு உண்டு. தென்னிந்திய அஞ்சல்தலை சேகரிப்போர் சங்கம் 1956இலேயே இங்கு தொடங்கப்பட்டுவிட்டது. சென்ட்ரல் நிலையத்தருகே இருந்த மூர் மார்க்கெட், 1985ஆம் ஆண்டு மே மாதம் தீக்கிரையாகும் வரை, பழம்புத்தகத்துக்கும் பழம்பொருளுக்கும் பெயர்பெற்ற இடமாக விளங்கியது. நம் பக்கத்தில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இன்றும் இருக்கிறது. பழைய கடிகாரம், பித்தளை விளக்கு, செல்லாக்காசு எல்லாம் தரையில் விரித்திருப்பார்கள். குனிந்து எடுத்துப் பார்க்கலாம், பேரம் பேசலாம், படியவில்லை என்றால் வைத்துவிட்டு நகரலாம். படிந்தால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயில் ஏறிவிடலாம். சுமைகூலி என்ற பேச்சே அங்கு எழுவதில்லை.

இணைய ஏலம் இந்தச் சந்தையை நாடெங்கும் விரித்துவிட்டது. அது நன்மைதான்; மறுக்கவில்லை. தாம்பரத்தில் இருப்பவன் கொல்கத்தாக்காரர் வைத்திருக்கும் காசைப் பார்க்க முடிகிறது. பாஸி டாட் காம் என்ற இந்திய ஏலத்தளத்தை 2004இல் அமெரிக்காவின் ஈபே வாங்கியது. அந்த ஈபே இந்தியாவும் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இப்போது சிறு சேகரிப்பாளர்களின் ஏலங்கள் பல வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூல் குழுக்களிலும் நடக்கின்றன. படத்தைப் போடுகிறார்கள், தொடக்க விலை ஒரு ரூபாய் என்கிறார்கள், இரவு பத்து மணிக்கு ஏலம் முடியும் என்கிறார்கள். படத்தின் அடியில் இரண்டே சொற்கள்: ‘போஸ்டேஜ் எக்ஸ்ட்ரா’. எவ்வளவு எக்ஸ்ட்ரா? அதுதான் சொல்லப்படுவதில்லை. சச்சரவு முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

செம்பாக்கத்திலிருந்து வரும் என் நண்பனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். காண்டாமிருகம் பொறித்த 25 காசு நாணயங்கள் ஐந்தை ஒரு குழுவில் அவன் ஏலம் எடுத்தான். 1988 முதல் வெளிவந்து, 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போன நாணயம் அது. ஒன்றின் எடை 2.83 கிராம், ஐந்தும் சேர்ந்து பதினைந்து கிராம்கூட இல்லை. ஏலத்தொகை 40 ரூபாய். மூன்றாம் தரம் சொல்லி முடித்த பிறகு வந்த செய்தி: ‘தபால், பேக்கிங் 130 ரூபாய்.’ ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, ‘வேண்டாம் என்றால் ஏலத்தைக் கெடுப்பவர் பட்டியலில் உங்கள் பெயரைப் போடுவோம்’ என்று பதில் வந்தது. பணம் கட்டினான். உறை வந்தது. அஞ்சலகத்தில் ஒட்டிய சீட்டில் கட்டணம் தெளிவாக அச்சாகியிருந்தது: வரி உட்பட 55 ரூபாய் சில்லறை. மீதி 75 ரூபாய் ஒரு அட்டைத்துண்டுக்கும் ஒட்டுநாடாவுக்கும்!

அந்தக் கணக்கை நாமே சரிபார்க்கலாம். 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த விரைவு அஞ்சல் கட்டணப்படி, 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய். வெளியூருக்கு, எவ்வளவு தொலைவானாலும், 47 ரூபாய். இதன்மேல் 18 விழுக்காடு வரி. ஆக வெளியூர் உறைக்கு 55 ரூபாய் 46 காசு. பெறுபவர் கையில் மட்டுமே ஒப்படைக்கும் பதிவு வசதி வேண்டுமானால் இன்னும் 5 ரூபாயும் அதற்கான வரியும். மொத்தம் 61 ரூபாய் சொச்சம். இவை ஊரறிந்த கட்டணங்கள். விற்பவர் ஏலம் தொடங்குமுன் இதை எழுதுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பின் ஏன் எழுதுவதில்லை? மறதி என்று சிலரை விட்டுவிடலாம். எல்லாரையும் அப்படி விட முடியாது. தான்ஜிம் ஹொசைன், ஜான் மார்கன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் ஈபேயில் 80 ஏலங்களை நடத்திப் பார்த்து, முடிவை 2006இல் வெளியிட்டார்கள். இசைத்தட்டுகளும் விளையாட்டு வட்டுகளும்தான் சரக்கு. ஒரே பொருளை ஒருமுறை 4 டாலர் தொடக்க விலைக்கு, அனுப்புக் கட்டணம் இல்லாமல் வைத்தார்கள். மறுமுறை ஒரு சென்ட் தொடக்க விலை, 3 டாலர் 99 சென்ட் அனுப்புக் கட்டணம் என்று வைத்தார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒரு சென்ட் என்று வைத்த ஏலத்துக்கே கூட்டம் அதிகம் வந்தது. முடிவில் கிடைத்த மொத்தப் பணமும் அதிகம். அனுப்புக் கட்டணம் அளவுக்கு மீறாதவரை இந்த உத்தி பலித்தது. மனிதன் பொருளின் விலையை ஒரு கணக்கிலும் கூலியை வேறொரு கணக்கிலும் எழுதுகிறான். இரண்டையும் கூட்டிப் பார்க்க மறந்துபோகிறான். கட்டணத்தை முன்கூட்டியே அறிவித்த இடத்திலேயே இந்த மயக்கம் என்றால், அறிவிக்காத இடத்தில் கேட்கவா வேண்டும்?

இன்னொரு காரணமும் அங்கே இருந்தது. ஈபே தன் தரகைப் பொருள் விற்ற விலையின்மேல் மட்டுமே வாங்கிவந்தது. ஆகவே விலையைக் குறைத்து அனுப்புக் கட்டணத்தை ஏற்றிய விற்பனையாளர், தரகையும் மிச்சப்படுத்தினார். 2011இல் அமெரிக்காவில் ஈபே விதியை மாற்றி, அனுப்புக் கட்டணத்தையும் சேர்த்தே தரகு கணக்கிடத் தொடங்கியது. ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒழுகத்தான் செய்யும். அடைக்க வேண்டியது கூரைக்கு உடையவரின் கடமை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் கூரைக்கு உடையவர் குழுவை நடத்துபவரே.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் இந்த வழக்குக்கென்றே எழுதியது போல் இருக்கிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது, விற்ற சரக்கு விற்ற நேரத்தில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஒப்படைக்கப்பட வேண்டும் என்கிறது அதன் 36ஆம் பிரிவு. அப்படியானால் அங்கிருந்து கொண்டுவரும் செலவு வாங்குபவருடையது. ஆனால் அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: சரக்கை ஒப்படைக்கத் தக்க நிலையில் வைப்பதற்கான செலவு விற்பவருடையது. இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: தபால் கூலி வாங்குபவன் தலையில்; அட்டையும் உறையும் விற்பவர் தலையில். வேறுவிதமாக வேண்டுமென்றால் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும்.

முன்பே என்றால் எப்போது? 64ஆம் பிரிவு விடை தருகிறது. சுத்தியல் விழுந்ததும், அல்லது வழக்கப்படி முடிவு அறிவிக்கப்பட்டதும், ஏல விற்பனை நிறைவுபெற்றுவிடுகிறது. அதற்குமுன் ஏலம் கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம், அதன்பின் முடியாது. வாங்குபவனுக்குக் கதவு அடைபட்ட பிறகு, விற்பவர் மட்டும் சன்னல் வழியாகப் புதிய கட்டணத்தைக் கொண்டுவரலாமா? அது ஒப்பந்தத்தின் பகுதியாக முடியாது என்பதே என் கருத்து.

புதிய சட்டங்களும் இதே திசையில்தான் நிற்கின்றன. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதில் அனுப்புக் கட்டணம், தபால், கையாளும் கூலி, வரி எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும் என்கின்றன. 2023 நவம்பரில் மத்திய அரசு தடுத்த பதின்மூன்று ஏமாற்று உத்திகளில், விலையைத் துளித்துளியாக வெளியிடுவதும் ஒன்று. தனி ஒருவர் எப்போதாவது தம் சொந்தப் பொருளை விற்றால் இந்த மின்வணிக விதிகள் அவரைக் கட்டுப்படுத்தா. ஆனால் ஞாயிறுதோறும் முப்பது பொருள்களை ஏலம் விடுபவர், ‘நான் பொழுதுபோக்குக்கு விற்கிறேன்’ என்று அந்தக் குடைக்குள் ஒதுங்குவது நியாயமாகாது.

விற்பவர் பக்கத்து நியாயம்

ஒருபக்கமே பேசுவது அழகன்று. விற்பவர்க்கும் வருத்தங்கள் உண்டு. பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. அதற்குமுன் ஏறத்தாழ 26 ரூபாயில் பதிவுத் தபாலாகப் போன சிறு உறைக்கு இன்று அதைப்போல் இருமடங்குக்கு மேல் ஆகிறது. அதை அவர் கூட்டவில்லை. ஆனால் ஏச்சு வாங்குபவர் அவர். தலை மடங்காமலிருக்க அட்டை வெட்டுவதும், அஞ்சலக வரிசையில் நிற்பதும் உழைப்புத்தான். வாங்குபவரிலும் குறும்பர்கள் உண்டு. ஏலம் எடுத்துவிட்டு ஆளே காணாமல் போகிறவர்கள் உண்டு. ஐந்து ரூபாய் தலை ஒட்டிச் சாதாரணத் தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டு, உறை வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. சிக்கனம் வாங்குபவனுக்கு, இழப்பு விற்பவனுக்கு என்பதும் அநியாயமே.

உழைப்புக்குக் கூலி வேண்டுமா? தாராளமாக வாங்கட்டும். ‘பேக்கிங் கூலி இருபது ரூபாய்’ என்று ஏலத்துக்கு முன்பே எழுதட்டும். விருப்பமுள்ளவர் கேட்பார், இல்லாதவர் ஒதுங்குவார். கூலியைத் தபால் செலவு என்ற பெயரில் ஒளித்துவைப்பதைத்தான் கூடாது என்கிறேன். ‘கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே’ என்பார்கள் சிலர். கடைக்காரர் விலைப்பட்டியலை மறைத்துவைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் கேட்கவில்லை என்று குறைசொல்வது போன்றது அது. கட்டணம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சொல்லும் கடமையும் இருக்கிறது.

அறுபது எழுபது ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா என்று பேராசிரியர்கள் நினைக்கக்கூடும். இந்தச் சிறுமைதான் இந்தப் பழக்கத்துக்குக் கவசம். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொல்கத்தாக்காரர்மேல் நம் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 1915 என்ற எண்ணில் முறையிடலாம். ஆயினும் 75 ரூபாய்க்காகத் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு யார் நடப்பார்? யாரும் நடக்கமாட்டார்கள் என்பது விற்பவருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பது பேரிடம் எழுபத்தைந்து வீதம் வாங்கினால் 2,250 ரூபாய். பறிகொடுத்த முப்பது பேரில் வசதியுள்ளவர் அடுத்த வாரமும் வருவார். கைச்செலவுக்கு வாரம் நூறு ரூபாய் வைத்திருக்கும் மாணவன் வரமாட்டான். உறையிலிருந்து தலை பிரித்துத் தொடங்கிய ஒரு பொழுதுபோக்கு, பணக்காரர் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். எனக்கு வருத்தம் தருவது அந்த 75 ரூபாய் அன்று; இதுதான்.

ஆகவே, தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் சேகரிப்பில் நாட்டமுள்ள நண்பர்கள் தாம் சேரும் குழுக்களில் சில வழக்கங்களைக் கேட்டுப்பெற வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

முதலாவது, எடையும் அனுப்பும் வழியும் அதற்கான கட்டணமும் படத்தோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும். எழுதாத பொருளை யாரும் ஏலம் கேட்கக் கூடாது. இரண்டாவது, அஞ்சலகச் சீட்டின் படத்தை வாங்கியவருக்கு அனுப்ப வேண்டும். சீட்டுக்கு மேல் வாங்கியது பேக்கிங் என்று முன்பே சொன்ன தொகையாக மட்டுமே இருக்க வேண்டும். மூன்றாவது, ஒருவர் ஒரே நாளில் ஒரே விற்பனையாளரிடம் பல பொருள் எடுத்தால் ஒரே உறை, ஒரே கட்டணம். நான்காவது, சாதாரணத் தபாலைத் தேர்ந்தெடுத்தவர் அதன் இழப்பையும் தாமே ஏற்க வேண்டும். ஐந்தாவது, படத்தில் கண்டது ஒன்று, வந்தது வேறொன்று என்றால், பொருளின் விலையோடு போகவர ஆன தபால் செலவையும் விற்றவர் திருப்பித் தர வேண்டும்.

இவற்றோடு நமக்கு நாமே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் தொகையைத் தட்டுமுன், பொருளின் விலையையும் சுமைகூலியையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுவோம். கூட்டிய தொகைக்கு அந்தப் பொருளைப் பல்லாவரம் சந்தையில் வாங்குவோமா என்று கேட்டுக்கொள்வோம். வாங்குவோம் என்றால் ஏலம் கேட்போம். இல்லையென்றால், வெள்ளிக்கிழமை சந்தையில் சந்திப்போம்.