கடைமடைக்கும் கடற்செய்தி

காஞ்சியை அடுத்த கூரம் கடற்கரை ஊரன்று. எனினும் அவ்வூர் ஏரியும், அவ்வட்டார நெசவாளர்தம் உழைப்பும் வங்கக் கடலின் போக்கிற்குக் கட்டுப்பட்டவையே. ஐப்பசி, கார்த்திகையில் கடலில் புயற்சின்னம் தோன்றினால் தெருவில் பாவு விரிப்பது நிற்கும். குழித்தறியில் நீர் ஊறும். எனவே, கடலைக் கண்காணிக்கும் அறிவியல் மீனவர்க்கு மட்டுமே உரியதென ஒதுக்குதல் தகாது.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவை அடுத்த கடலடி அதிர்ந்தபின், ஆழிப்பேரலை தமிழகக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. ஆயினும் எச்சரிக்கும் அமைப்பு இந்தியப் பெருங்கடலில் அன்று இல்லை. அத்துயரின் விளைவாக 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் உருவாயிற்று. கடலடிக் கருவி நீரழுத்தத்தை அளந்து ஒலியலையாய் மிதவைக்கு அனுப்புகிறது. மிதவை செயற்கைக்கோள் வழியே மையத்திற்கு உரைக்கிறது. கணிப்பொறிகள் முன்னரே கணித்து வைத்த நிலைகளோடு ஒப்பிட்டு, எக்கரைக்கு எப்பொழுது இடர் எனக் காட்டுகின்றன. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள், பத்து நாளுக்கொருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து, வெப்பமும் உப்பும் அளந்த விவரங்களை எந்நாட்டார்க்கும் விலையின்றி வழங்குகின்றன.

இவ்வளவு இருந்தும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் சீறியபோது, பல நாள் முன்பே ஆழ்கடல் சென்றிருந்த குமரி மீனவர் பலர்க்குச் செய்தி எட்டவில்லை. கரையில் கணிப்பொறி இருந்தது; கடலில் கேட்கும் வழியில்லை. 2019இல் செயற்கைக்கோள் வழிச் செய்தி பெறும் 'ஜெமினி' கருவி வந்தது. அத்தகைய கருவி படகுதோறும் சேர்தல் வேண்டும்.

கருவி சேர்ந்தாலும் மொழி சேர வேண்டாமா? பாலாற்றிலிருந்து கூரத்து ஏரிக்குக் கால் வெட்டியதை, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு கூறுகிறது. கால் எத்துணை நீண்டதாயினும் கடைமடைக்கு நீர் பாயாவிடில் பயிர் வாடும். கடற்செய்திக்கும் அஃதே நியதி. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றைப் பெயரிட்டழைக்கும் மக்களிடம், அலுவலக மொழிபெயர்ப்பு நடையில் எச்சரித்தல் பயன் தராது.

இப்பணி பொறியாளரால் மட்டும் முடியாது. தமிழ் பயில்வோர் கடற்கரைச் சிற்றூர்களுக்கும் நெசவாளர் தெருக்களுக்கும் சென்று, அவர்தம் சொற்களைத் தொகுத்து, எச்சரிக்கைக்குரிய எளிய தமிழை வடித்துத் தர வேண்டும். உயிர்காக்கும் சொல்லைவிடப் பயனுள்ள சொல் யாதுளது? கடைமடை வரை கடற்செய்தி பாய, நம் மாணவர் கால் வெட்டுவாராக!