நான்காவது ஓலை

தேவாலயத்தில் நடக்கும் திருமணத்தின் சிறப்பையும் இல்லறத்தின் நன்மைகளையும் வியந்து பேசுவோர் நம்மிடையே பலர். அவர்கள் சொல்லும் நன்மைகளை நாம் மறுக்கவில்லை. மக்கட்பேறு, பிறழாத பற்றுறுதி, பிரிக்கவொண்ணாத அருட்பிணைப்பு என அவற்றை மூன்றாக வகுத்தவர் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய புனித அகுஸ்தினார். இன்றைய திருமண மறையுரைகளும் பெரும்பாலும் அந்த மூன்றின் விரிவுரைகளே. நாம் கேட்பது ஒன்றுதான்: இந்நன்மைகள் எதன்மேல் நிற்கின்றன?

கத்தோலிக்கத் திருச்சபையின் விடையில் ஐயத்திற்கு இடமில்லை. மணமக்களின் இசைவே திருமணத்தை உண்டாக்குகிறது. அவ்விசைவுக்கு ஈடாக வேறெந்த மனித அதிகாரமும் நிற்க இயலாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். வற்புறுத்தலாலோ பேரச்சத்தாலோ நிகழும் திருமணம் செல்லாது என்றும் அது கூறுகிறது. வயது, முந்தைய மணபந்தம், குருத்துவம், இரத்த உறவு எனத் திருமணத் தடைகளை அது நிரல்படத் தருகிறது. அந்நிரலில் சாதி இல்லை. வயதுவந்தோருக்குப் பெற்றோரின் மறுப்பும் தடையாக இல்லை.

இது நேற்று வந்த புதுமையும் அன்று. 1563இல் திரெந்து பொதுச்சங்கத்தில், பெற்றோர் இசைவில்லாத மணங்கள் செல்லாதவை என்று விதிக்க வேண்டுமெனப் பிரெஞ்சுத் தரப்பு வலியுறுத்தியது. சங்கம் அத்தகைய மணங்களை விரும்பவில்லை. ஆயினும் அவை செல்லாதவை என்று சொல்ல மறுத்துவிட்டது. அப்படிச் சொல்வோரைக் கண்டிக்கவும் செய்தது. தமிழ் மரபும் இதற்கு அயலன்று. பெண்ணைத் தருதற்குரியவர் தருவதே முறை என்ற தொல்காப்பியக் கற்பியல், தலைவனோடு போய்விட்டவளுக்குத் தருவார் இல்லாதபோதும் மணச்சடங்கு உண்டென அடுத்த நூற்பாவிலேயே ஏற்றுக்கொள்கிறது.

இனி நம் பங்குகளின் நடப்பைப் பார்ப்போம். திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசிக்கப்படுகிறது. இன்னார் மகன் இன்னார் மகளை மணக்கவிருக்கிறார், தடை அறிந்தோர் தெரிவிக்கவும் என்று சபை நடுவே கேட்கப்படுகிறது. இந்த மூன்றுக்கும் முன்பே, எவர் காதிலும் விழாமல் நான்காவது ஓலை ஒன்று வாசிக்கப்பட்டு விடுகிறது. அது சாதியின் ஓலை. ஒரே திருமுழுக்குப் பெற்று, ஒரே நற்கருணையை உண்ணும் இருவர் சாதி கடந்து மணக்க விரும்பி வந்து நிற்கையில், "முதலில் பெற்றோரை அழைத்து வாருங்கள்" என்று பங்கு அலுவலக வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதை நாம் அறிவோம். அப்பெற்றோர் வரமாட்டார்கள் என்பது சொன்னவருக்கும் தெரியும்.

பதிவு அலுவலகத்துக்குப் போகலாமே என்பர் சிலர். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முப்பது நாள் அறிவிப்பு அங்கே ஒட்டப்படும்; துரத்தி வரும் உறவினருக்கு அதைவிட நல்ல முகவரி வேறென்ன வேண்டும்? அதையும் கடந்து மணந்துவந்தால், தேவாலயத்துக்கு வெளியே நடந்த அம்மணத்தைத் திருச்சபை ஏற்பதில்லை, நற்கருணையும் கிட்டுவதில்லை. கதவைச் சாத்தியவர்களே, வெளியே நிற்பதைக் குற்றம் என்கிறார்கள். இது எவ்வகை நீதி?

பெற்றோரின் ஆசி நம் பண்பாடன்றோ என்பது அடுத்த வாதம். ஆசி வேறு, அனுமதி வேறு. ஆசி கிடைத்தால் பேறு, கிடைக்காவிடில் வருத்தம். அனுமதியோ அதிகாரம். அந்த அதிகாரத்தைத் திருச்சபைச் சட்டம் பெற்றோருக்குத் தரவில்லை. அதைச் சாதிக்குத் தந்தவர்கள் நாம்.

1704இல் புதுச்சேரியிலிருந்து ஆணை பிறப்பித்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், கிறித்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலி அணிவதைத் தடைசெய்தார். தாலியில் இருந்த உருவத்தின்மீது கைவைக்கத் துணிந்த திருச்சபை, அந்தத் தாலியை எந்தச் சாதிக்கழுத்தில் எந்தச் சாதிக்கை கட்டலாம் என்ற வழக்கத்தின்முன் மட்டும் ஏன் தயங்குகிறது? தலித் கிறித்தவர்மீதான பாகுபாடு திருச்சபைக்குள்ளேயே நிலவுவதை 2016இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஆவணமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புதலோடு பாவசங்கீர்த்தனம் முடிவதில்லை; பரிகாரமும் வேண்டும் என்பது சிறுபிள்ளைகளும் படிக்கும் மறைக்கல்வி.

நாம் வேண்டும் பரிகாரம் பெரிதன்று. திருமணத்திற்கு முன் மணமக்களைத் தனித்தனியே விசாரிக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. வற்புறுத்தப்பட்டு வந்தீர்களா என்ற கேள்வி அங்கே மெய்யாகவே கேட்கப்படட்டும். ஆம் என்ற விடை வந்தால் மணம் நிறுத்தப்படட்டும். தடையின்றி மணக்க முன்வரும் இருவரிடம், உங்கள் பெற்றோர் வராவிட்டாலும் பீடத்தின் முன் நீங்கள் நிற்கலாம் என்று பங்குத்தந்தை வாய்திறந்து சொல்லட்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. உள்ள சட்டத்தைப் படித்தாலே போதும்.

அதன்பின் இல்லறத்தின் நன்மைகளைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மறையுரை ஆற்றுங்கள். முன்வரிசையில் அமர்ந்து கேட்போம்.