பேஸ் கிட்டார் ஆசையா? இஎம்ஐ வேண்டாம், செகண்ட் ஹேண்ட் பாருங்க

அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் ஆசை வந்ததும் கார்டை எடுத்து 'நோ காஸ்ட் இஎம்ஐ' போடாதீங்க. வட்டியைத் தள்ளுபடியில கழிச்சுட்டாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான். பல பேங்க்ல ப்ராசஸிங் ஃபீஸ் வேற.

கையில இருக்கிற காசுக்கு செகண்ட் ஹேண்ட் வாங்குங்கன்னுதான் நான் சொல்வேன். உதாரணத்துக்கு, 18,000 ரூபாய்க்கு வாங்கி, ரெண்டு வருஷம் வாசிச்சு, 15,000-க்கு வித்தா, மாசச் செலவு வெறும் 125 ரூபாய். லாபத்துக்கே வித்தாலும் கேபிடல் கெயின்ஸ் வரி கிடையாது. சொந்த உபயோகப் பொருள்தானே. (நகைக்கு இந்தச் சலுகை இல்லை!) காசு வாங்கி வாசிச்சு, தேய்மானமும் கிளெய்ம் பண்ணியிருந்தா கதை வேற.

முதல்ல மவுண்ட் ரோடு மியூசி மியூசிகல் மாதிரி ஒரு கடையில புதுசோட விலையை விசாரிங்க. அப்புறம் அடையாறோ தி.நகரோ, விக்கிறவர் வீட்டுக்கே போய், ஆம்ப்ல போட்டு அந்த அஞ்சாவது கம்பியை ஒவ்வொரு ஃப்ரெட்லயும் வாசிச்சுப் பாருங்க. லோ பி, சுமார் 31 ஹெர்ட்ஸ். விலை குறைஞ்ச பேஸ்ல முதல்ல சொதப்புறது அதுதான். ட்ரஸ் ராட் திரும்பலைன்னா பேரமே பேசாம கிளம்பிடுங்க. நேர்ல பார்க்காம ஜிபேல அட்வான்ஸ் கூடவே கூடாது.

ஆம்ப்புக்கும் பணம் ஒதுக்குங்க. மயிலாப்பூர் ஃப்ளாட்டுன்னா ஹெட்போன் ஆம்ப்பே போதும், கீழ் வீட்டு மாமி கதவைத் தட்ட மாட்டாங்க.